பைதஸீ: கடலே இல்லாத ஊரில் ஒரு கடலோரப் பெயர்

1857ஆம் ஆண்டு ஜூன் 26. லண்டன் ஹைட் பூங்காவில் விக்டோரியா மகாராணி குதிரையைவிட்டு இறங்காமலேயே 62 பேரின் மார்பில் பதக்கம் குத்தினார். பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா சிலுவை வழங்கப்பட்ட முதல் விழா அது. கடற்படையினர் முன்னால் நின்றார்கள். வரிசையில் முதல் ஆள் ஹென்றி ரேபி. ராணி குனிந்து குத்தியபோது ஊசி அவர் தோலிலும் ஏறிவிட்டது, மனிதர் அசையவே இல்லை என்று ஒரு கதை உண்டு. ஆனால் என் கண் போவது அவருக்கு அடுத்து நின்றவர்மீது. அவர் பெயர் ஜான் பைதஸீ.

பை, த, ஸீ. ஆங்கிலம் படிக்கத் தொடங்கிய பிள்ளைக்கும் தெரிந்த மூன்று சொற்கள்: கடலின் ஓரத்தில். இடைவெளி விடாமல் சேர்த்து எழுதினால் அது ஒரு குடும்பப் பெயர். கடற்படை அதிகாரிக்கு இப்படியொரு பெயர் என்றால் யாரோ வைத்த பட்டப்பெயர் என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் அது அவருடைய தந்தையின் பெயர். பாதிரியாரான அந்தத் தந்தைக்கும் கடலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஜான் பிறந்தது 1827இல், சாமர்செட் மாவட்டத்தின் ஃப்ரெஷ்ஃபோர்டில். பாத் நகருக்குப் பக்கத்தில், ஃப்ரோம் ஆறு ஏவன் ஆற்றோடு கலக்கும் சிற்றூர் அது. அந்த ஊரின் எந்த மேட்டில் ஏறி நின்றாலும் கடல் தெரியாது.

பக்கத்து மாவட்டமான வில்ட்ஷயருக்கோ கடற்கரையே கிடையாது, நான்கு பக்கமும் நிலம்தான். மாவட்டத் தலைமையகம் டிரோபிரிட்ஜ் என்ற பழைய கம்பளி நெசவு ஊர். அங்கே 1940இல் கட்டி முடிக்கப்பட்ட கவுன்ட்டி ஹாலில் மாவட்ட நிர்வாகம் நடக்கிறது. அந்தக் கட்டடம் இருக்கும் தெருவின் பெயர் பைதஸீ சாலை, இதே குடும்பத்தின் பெயரால் வந்தது. கடலே இல்லாத ஒரு மாவட்டத்தின் அரசாங்கக் கடிதங்கள் எல்லாம் 'கடலோரம்' என்ற முகவரியிலிருந்து புறப்படுகின்றன.

இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, எப்படி இத்தனை தூரம் உள்நாட்டுக்குள் வந்து சேர்ந்தது என்பதுதான் சில காலமாக என் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடிக்கும்வரை அங்கே பெரும்பாலோருக்கு ஒற்றைப் பெயர்தான். பரம்பரையாகக் கடத்தப்படும் குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லை. நார்மன் பிரபுக்கள் தங்கள் சொந்த ஊர்ப் பெயர்களைச் சுமந்துகொண்டு வந்தார்கள். அடுத்த இரண்டு மூன்று நூற்றாண்டுகளில் அந்தப் பழக்கம் மெல்ல மெல்லக் குடியானவர்கள் வரை இறங்கியது, தெற்கே முதலில், வடக்கே பிறகு. இதற்கு இன்னொரு காரணமும் இருந்தது, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. படையெடுப்புக்குப் பிறகு பழைய ஆங்கிலப் பெயர்கள் வழக்கொழிந்தன. ஜான், வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட், தாமஸ் என்ற ஒரு கைப்பிடி அளவுப் பெயர்களுக்குள் பெரும்பாலான ஆண்கள் அடங்கிப்போனார்கள். ஒரே கிராமத்தில் ஐந்தாறு ஜான்கள். வரி வசூலிக்க வருகிறவனுக்கு எந்த ஜான் என்று தெரிய வேண்டும். 1377இல் 14 வயதைத் தாண்டிய ஒவ்வொரு தலைக்கும் நான்கு பென்னி என்று வரி போட்டபோது, கிராமம் கிராமமாக ஆட்களை எழுதவேண்டி வந்தது. தச்சன் ஜான், வில்லியம் மகன் ஜான், குட்டை ஜான், மலையடி ஜான். தொழில், தகப்பன், உருவம், இருப்பிடம். ஆங்கிலக் குடும்பப் பெயர்களில் பெரும்பகுதி இந்த நான்கு வாசல்களில் ஒன்றின் வழியாக வந்தவை.

நான்கில் எனக்குப் பிடித்தது கடைசி வாசல். அதிலும் ஊர்ப் பெயரைத் தாங்கியவற்றைவிட, வீடு நின்ற இடத்தை மட்டும் சொல்லும் பெயர்கள். ஊர்ப் பெயர் பெரும்பாலும் ஊரைவிட்டு வெளியேறியவனுக்குத்தான் ஒட்டும், சொந்த ஊருக்குள் எல்லாரும் அந்த ஊர்க்காரர்கள்தானே. ஊருக்குள்ளேயே இருந்தவனை அடையாளம் சொல்ல மரமும் கிணறும் ஓடையும் மேடும் வேண்டியிருந்தன. நிலமோ பட்டமோ இல்லாத மனிதர்கள் ஏட்டில் ஏறியது தங்கள் குடிசைக்குப் பக்கத்தில் இருந்த ஒன்றின் பெயரால்.

இந்தப் பெயர்களின் உள்வேலைப்பாட்டைக் கிட்டத்தில் பார்த்தால் வியப்பாக இருக்கும். 'இடத்தில்' என்பதற்கு அன்றைய ஆங்கிலத்தில் 'அட்'. அதோடு 'த' என்ற சுட்டுச்சொல் சேர்ந்தால் 'அட்டெ'. வுட் என்றால் காடு, காட்டருகே இருந்தவன் அட்டெ வுட், இன்றைய அட்வுட். வெல் என்றால் கிணறு அல்லது ஊற்று, அதிலிருந்து அட்வெல். காட்டைத் திருத்திய வெளிக்கு 'லீ' என்று பெயர், அந்த வெளியில் இருந்தவன் அட்லி. 1947இல் இந்திய விடுதலைச் சட்டம் நிறைவேறியபோது பிரிட்டனின் பிரதமராக இருந்த கிளெமென்ட் அட்லியின் முன்னோர் யாரோ ஒருவர் அப்படியொரு வெளியில் குடியிருந்தவர்.

பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களுக்கு ஆண், பெண், இரண்டுமல்லாதது என்று மூன்று பால் உண்டு. அதற்கேற்பச் சுட்டுச்சொல்லும் மாறும். ஆஷ் மரம் ஆண்பால், ஆகவே 'அட்டென் ஆஷ்'. ஓக் மரம் பெண்பால், ஆகவே 'அட்டர் ஓக்'. காலப்போக்கில் முன்னால் இருந்த 'அட்டெ' உதிர்ந்தபோது கடைசி மெய் மட்டும் மரத்தோடு ஒட்டிக்கொண்டது. ஆஷ் என்பது நாஷ் ஆனது. அட்டர் ஓக்கிலிருந்து ரோக் வந்தது. பிறகு பால் வேறுபாடு மக்களுக்கு மறந்துபோக, அதே ஓக் மரத்துக்கு 'அட்டென்' போட்டார்கள், அதிலிருந்து நோக்ஸ் வந்தது. தீவைக் குறிக்கும் சொல் பெண்பால், அது ரை என்றும் பின்னால் நை என்றும் இரண்டு குடும்பப் பெயர்களாயிற்று. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னே செத்துப்போன ஓர் இலக்கண விதி, நாஷ் என்ற பெயரின் முதல் எழுத்தாக இன்றும் லண்டன் தெருக்களில் நடமாடுகிறது. ஆங்கிலத்தை ஆயிரம் பேர் ஆராயலாம், இந்த ஓர் எழுத்து தரும் மகிழ்ச்சியை வேறு எதிலும் நான் அடைந்ததில்லை.

இந்தக் கூட்டத்தில் பைதஸீ அரிதாக நிற்பதற்குக் காரணம் அது எதையும் உதிர்க்கவில்லை என்பதுதான். பொதுவாக அட், பை போன்ற முன்னிடைச்சொல் முழுதாக விழுந்துவிடும். காட்டோரத்துக்காரன் வெறும் வுட் ஆவான், மலையோரத்துக்காரன் வெறும் ஹில். சிலரிடம் முன்னிடைச்சொல் மட்டும் தங்கும். பைவாட்டர் என்றால் நீரோரம், அண்டர்ஹில் என்றால் மலையடி. நடுவே இருக்கும் 'த' என்ற சுட்டுச்சொல்லையும் சேர்த்து மூன்றையும் அப்படியே காப்பாற்றியவர்கள் மிகச் சிலர். வழியோரம் என்று பொருள்படும் பைதவே இன்னொன்று. ஒரு வாக்கியத்திலிருந்து வெட்டி எடுத்த துண்டு அப்படியே பரம்பரைப் பெயராக நிற்பது இவற்றில்தான்.

ஊர்ப் பெயர்களில் மட்டும் இந்த வகை தாராளம். நார்த்தம்பர்லேண்டில் நியூபிகின்-பை-த-ஸீ இருக்கிறது. நார்ஃபோக்கில் வெல்ஸ்-நெக்ஸ்ட்-த-ஸீ. சாமர்செட்டிலேயே வெஸ்டன்-சூப்பர்-மேர், எழுத்தர்களின் லத்தீன் அப்படியே ஊர்ப் பெயரில் உறைந்துபோனது. வெஸ்டன்கள் நிறைய, கடல்மேல் இருக்கும் வெஸ்டன் எது என்று பிரித்துக் காட்ட அந்த வால் தேவைப்பட்டது. ஊர் இடம் மாறாது, அதனால் வால் பொய்யாகாது. மனிதன் இடம் மாறுவான்.

சரி, இந்த 'ஸீ' எந்தக் கடல்? சாமர்செட்டுக்கு வடமேற்கே பிரிஸ்டல் கால்வாய் என்ற கடல் இருக்கிறது, குடும்பம் அங்கிருந்து நகர்ந்து வந்தது என்று எளிதாக முடித்துவிடலாம். ஆனால் பழைய ஆங்கிலத்தில் 'ஸே' என்ற சொல் கடலை மட்டும் குறிக்கவில்லை, உள்நாட்டு ஏரியையும் தேங்கிய நீர்ப்பரப்பையும் குறித்தது. உறவு மொழிகளில் இந்தக் குழப்பம் இன்றும் தீரவில்லை. ஜெர்மனில் ஸே என்பதை ஆண்பாலாகச் சொன்னால் ஏரி, பெண்பாலாகச் சொன்னால் கடல். மேர் என்பது ஜெர்மனில் கடல், டச்சில் ஏரி, ஆங்கிலத்திலும் விண்டர்மியர் போன்ற பெயர்களில் ஏரிதான்.

ஏரி என்று எடுத்துக்கொண்டால் சாமர்செட்டின் நிலம் உடனே கைகொடுக்கிறது. அந்த மாவட்டத்தின் நடுவே கடல் மட்டத்தை ஒட்டிய பெரிய தாழ்நிலம் இருக்கிறது, சாமர்செட் லெவல்ஸ் என்பார்கள். வடிகால்கள் வெட்டப்படுவதற்கு முன் குளிர்காலத்தில் அது முழுக்க நீராகிவிடும், மேடுகள் மட்டும் தீவுகளாக நிற்கும். ஊர்ப் பெயர்களே சாட்சி. மச்செல்னி என்றால் பெரிய தீவு, ஆதெல்னி என்றால் இளவரசர்களின் தீவு. டேனியர்களிடம் தோற்ற ஆல்ஃபிரட் மன்னர் 878இல் ஒளிந்திருந்தது அந்த ஆதெல்னிச் சதுப்பில்தான். கிளாஸ்டன்பரிக்கு மேற்கே மியர் என்ற ஊரில் ஒரு பெரிய ஏரி இருந்தது. கிளாஸ்டன்பரி மடத்துக்கு மீன் அங்கிருந்து வந்தது. 14ஆம் நூற்றாண்டில் மடத்தலைவர் அங்கே கட்டிய கல் மீன்வீடு இன்னும் வயலுக்கு நடுவில் நிற்கிறது. ஏரியை 18ஆம் நூற்றாண்டுக்குள் வடித்து மேய்ச்சல் நிலமாக்கிவிட்டார்கள்.

இதையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது, முதல் பைதஸீ அலையோசை கேட்ட மனிதன் அல்ல, நாணலும் மீனும் நிறைந்த ஓர் உள்நாட்டு நீர்ப்பரப்பின் கரையில் குடியிருந்தவன் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. பிறகு நீரும் போயிற்று, குடும்பமும் கிழக்கே நகர்ந்தது, சொல்லின் ஏரிப் பொருளும் மறந்தது. மிஞ்சிய பெயரைப் படித்தவர்கள் எல்லாம் அதில் கடலைப் பார்த்தார்கள்.

ஜான் பைதஸீயும் பார்த்திருப்பாரோ என்னவோ, கடற்படைக்குப் போனார். பதக்கம் வந்தது கிரிமியப் போரின்போது பால்டிக் கடலில் செய்த ஒரு காரியத்துக்காக. 1854 ஆகஸ்டில் ஓலண்ட் தீவுக்கூட்டத்தில் பொமார்சுண்ட் என்ற ரஷ்யக் கோட்டையைப் பிரிட்டனும் பிரான்சும் முற்றுகையிட்டிருந்தன. ஜார் மன்னரின் தபால் பைகள் வார்டோ என்ற தீவு வழியாகக் கோட்டைக்குப் போய்க்கொண்டிருந்தன. அவற்றைத் தடுக்க வேண்டும். பெரிய படையோடு போகலாம் என்றார்கள். லெப்டினன்ட் பைதஸீ இரண்டே பேர் போதும் என்றார், கூட்டம் சந்தேகத்தைக் கிளப்பும். ஸ்வீடிஷ் மொழி தெரிந்த வில்லியம் ஜான்ஸ்டன் என்ற ஸ்டோக்கரை, அதாவது கப்பல் உலையில் கரி தள்ளும் தொழிலாளியை, உடன் அழைத்துக்கொண்டு இரவில் கரையேறினார். தீவில் ஒரு விவசாயியின் குதிரைகளை ரஷ்யர்கள் பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள். அந்த ஆத்திரத்தில் இருந்த அவர் இருவருக்கும் சோறும் இடமும் கொடுத்தார், தேடி வந்த வீரர்களிடமிருந்து மறைத்தும் வைத்தார்.

ஆகஸ்ட் 12ஆம் தேதி தபால் வந்து இறங்கிய செய்தி கிடைத்தது. இருட்டியதும் புதரில் பதுங்கினார்கள். காவலுக்கு வந்த வீரர்கள், வழி பத்திரமாக இருக்கிறது என்று பாதியில் திரும்பிவிட்டார்கள். பைகளைச் சுமந்து வந்த ஐந்து பேர்மீது இந்த இருவரும் ஒரே ஒரு கைத்துப்பாக்கியோடு பாய்ந்தார்கள். இரண்டு பேர் பைகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள், மூன்று பேர் சரணடைந்தார்கள். அந்த மூவரையே துடுப்புப் போட வைத்துக் கப்பலுக்குத் திரும்பினார்கள். நான்கு நாள் கழித்துக் கோட்டை விழுந்தது.

பின்னாளில் கடல் அவருக்கு இரங்கவில்லை. 1872இல் லார்ட் கிளைட் என்ற இரும்புக்கவசப் போர்க்கப்பலுக்கு அவர் கேப்டன். மத்தியதரைக் கடலில் பான்டெல்லேரியா தீவருகே தரைதட்டி நின்ற ஒரு நீராவிக் கப்பலுக்கு உதவப் போய், லார்ட் கிளைடும் தரைதட்டியது. சகோதரக் கப்பல் வந்துதான் இழுத்துவிட்டது. ராணுவ நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. அதற்குப் பிறகு அவருக்குக் கப்பல் கிடைக்கவே இல்லை. உதவப் போன இடத்தில் வந்த விபத்துக்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்று இன்றும் எனக்கு மனம் ஒப்பவில்லை. 1874 முதல் 1880 வரை இந்திய அரசாங்கத்துக்குக் கடற்படை ஆலோசகராக இருந்தார். பம்பாய், வங்காளக் கடல்சார் பிரிவுகள் ஒன்றாக்கப்பட்டு 1877இல் ஒரே இந்திய மரைன் ஆனது அவர் அந்தப் பதவியில் இருந்த காலத்தில்தான். 1906இல் லண்டனில் இறந்தார். புதைத்தது பாத் நகரில், பிறந்த ஊருக்கு அருகில், கடலிலிருந்து விலகி.

இந்தப் பெயர் ஏன் இத்தனை அரிது? பல இடங்களில் தனித்தனியாகத் தோன்றிய பெயர்கள் தப்பிக்கும். ஆஷ் மரம் இல்லாத மாவட்டம் இல்லை, ஆகவே நாஷ்கள் ஏராளம். ஓரிரு குடும்பங்களில் மட்டும் தோன்றிய பெயர் எப்போதும் விளிம்பில் நிற்கும். ஃபிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிவியலாளர் 1873இல் இதை ஒரு கணக்காகவே கேட்டார். பெயர் மகன்கள் வழியாக மட்டும் போகுமென்றால், எத்தனை குடும்பப் பெயர்கள் காலப்போக்கில் மறையும்? ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார் கணக்குப் போட்டார். இன்று நிகழ்தகவுக் கணிதத்தில் அது இருவர் பெயராலும் வழங்குகிறது.

எளிய எண்களில் நானே போட்டுப் பார்த்தேன். ஒருவருக்கு மகனே இல்லாமல் போக 25 விழுக்காடு வாய்ப்பு, ஒரு மகனுக்கு 50, இரண்டு மகன்களுக்கு 25 என்று வைத்துக்கொள்வோம். சராசரி ஒரு மகன், மக்கள்தொகை குறையவும் இல்லை கூடவும் இல்லை. ஒரே ஆணிடம் தொடங்கும் பெயர் இரண்டாம் தலைமுறைக்குள் அழிய 39 விழுக்காடு வாய்ப்பு. நான்கில் 55. பத்தாம் தலைமுறையில் 74. பஞ்சமோ போரோ கொள்ளைநோயோ எதுவும் இந்தக் கணக்கில் இல்லை. வெறும் மகன் பிறப்பதும் பிறக்காததும்தான். 1348இல் இங்கிலாந்தில் நுழைந்த பெருங்கொள்ளைநோயையும் சேர்த்தால், பல பெயர்கள் குடும்பப் பெயராக உறைவதற்கு முன்பே ஆளோடு போயிருக்கும். அட்டெ என்று தொடங்கி வரிப் பட்டியலோடு நின்றுபோன பெயர்களைப் படிக்கும்போது, அடுத்த பக்கத்தைத் திருப்ப எனக்கு மனம் வருவதில்லை.

ஆனால் மகன் வழி மட்டுமே பெயர் போகவேண்டும் என்பது வழக்கமே ஒழிய இங்கிலாந்தில் சட்டம் அல்ல. யாரும் எந்தக் குடும்பப் பெயரையும் வைத்துக்கொள்ளலாம், முன்னரும் அப்படித்தான். சொத்துக்கு வாரிசாக வருபவர் அந்தக் குடும்பப் பெயரையும் ஏற்கவேண்டும் என்பது நிலக்கிழார்களிடையே சாதாரணம். எழுத்தாளர் ஜேன் ஆஸ்டனின் அண்ணன் எட்வர்டு 1812இல் அப்படித்தான் ஆஸ்டன் என்பதை விட்டு நைட் ஆனார். பிள்ளைக்குத் தாயின் குடும்பப் பெயரை நடுப்பெயராக வைப்பதும் அங்கே பழைய பழக்கம். சொத்துக்காகப் பெயரைக் காப்பாற்றத் தெரிந்த சமூகம், பெயருக்காகவே பெயரைக் காப்பாற்றலாம். பைதஸீ என்ற வீட்டில் மகள்கள் மட்டும் இருந்தால், அவர்கள் அதைத் தங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பதே என் விருப்பம். ஸ்மித்துக்கும் ஜோன்ஸுக்கும் இந்தக் கவலை தேவையில்லை, அவற்றைச் சுமக்க லட்சக்கணக்கில் ஆட்கள் இருக்கிறார்கள்.